பகலில் சொன்ன புலிமாமன் கதை

ஒரு படப்புத்தகம், திறந்து வைத்த ஜன்னல், இரண்டும் போதும். பேராக் மாநிலத்தில் இருக்கிற அத்தனை பேய்களையும் ஒரே தவணையில் ஒழித்துவிடலாம் என்று கோலின் அறிவித்தான். மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துக்கொண்டால் வேலை இன்னும் சுலபம் என்றும் சொன்னான். சொன்ன இடம் மூணாங்கட்டைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் அறை. கையில் பாதி கடித்த கறிபாப். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

"ஒழிங்க சார்," என்றார் கலாதேவி டீச்சர், திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒழிச்சிட்டு அப்படியே மேசையையும் தொடச்சிட்டுப் போங்க. எறும்பு வருது."

கோலின் ஈப்போ குனோங் ராபாட் பையன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கடைசி ஆண்டு. பயிற்சிக்காக இங்கே அனுப்பியிருந்தார்கள். பரிசுத்த ஆவியைத் தவிர வேறு ஆவி எதையும் அவன் ஒத்துக்கொள்வதில்லை. அதையும் அம்மா ரோசரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒத்துக்கொள்வான்.

பள்ளிக்கூடம் செம்பனைக் காட்டுக்கு நடுவில் ஒண்டியாக நின்றது. முன்பு சுற்றிலும் ரப்பர் மரங்களும் லயத்து வீடுகளும் இருந்தன. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், லயத்தை இடித்தார்கள், ஜனங்கள் பெரிய ரோட்டோரத் தாமான் குடியிருப்புக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் யாரும் கூட வரச்சொல்லிக் கூப்பிடவில்லை. பின்பக்கம் ஒரே ஒரு நெரை பழைய ரப்பர் மரங்கள் மிச்சம். உச்சி வெயிலில் அவற்றின் காய்கள் டப் டப் என்று வெடித்துக் கொட்டைகள் தகரக் கூரையில் விழும். வந்த முதல் நாள் அந்தச் சத்தத்துக்குக் கோலின் இரண்டு தரம் "யாரு?" என்று கேட்டதுண்டு. அதை அவன் கல்லூரி வாட்ஸாப் குழுவில் எழுதவில்லை.

எழுதியது வேறு. இரண்டாம் ஆண்டு வகுப்பில் கலாதேவி டீச்சர் கதை சொன்ன விதத்தை எழுதினான். பகல் பதினோரு மணி. பலகை ஜன்னல்களை எல்லாம் பிள்ளைகளே ஓடிப்போய்ச் சாத்தித் தாழ் போட்டார்கள். கதவையும் சாத்தினார்கள். மேசைமேல் டார்ச்லைட்டைக் குப்புற வைத்து, அதன் ஓர வெளிச்சத்தில், வேர்த்து ஒழுக ஒழுக, டீச்சர் நரிக்கதை சொன்னார். பிள்ளைகள் ஒவ்வொரு வரிக்கும் "உம்" கொட்டினார்கள். 'மூணாங்கட்டையில் இரவு பதினோரு மணிக்கே வந்துவிடுகிறது. விஞ்ஞானிகள் விரைக' என்று கோலின் குழுவில் போட, மச்சான்கள் எல்லாம் சிரித்துச் சிரித்து மஞ்சள் முகங்களைக் கொட்டினார்கள்.

காரணம் கேட்டபோது சொன்னது தினேஸ்வரி. ஒல்லிப் பெண், முன் வரிசை, ரெட்டைச் சடை.

"பகல்ல கதை சொன்னா மாமா வழி தவறிப் போயிருவாரு சார்."

"யாரு மாமா?"

"எல்லாரு மாமாவும்."

ரப்பர் காலத்துப் பேச்சு அது. ஆம்பிளைகள் எல்லாம் ரப்பர் பால் வெட்டக் காட்டுக்குள் போயிருக்கும் நேரத்தில் வீட்டில் கதை சொன்னால், கதை கதவுக்கு வெளியே நடந்துவிடும். காட்டுக்குள் நிற்கிறவனுக்கு நெரை மாறி வழி தப்பிப்போகும். முதலில் மாறுவது தாய்மாமனுக்கு. ஏன் தாய்மாமன் என்றால், பிள்ளைக்காகத் திரும்பி வருகிறவன் அவன்தானே.

"டீச்சர், நீங்களுமா நம்புறீங்க?" என்று கோலின் கேட்டான்.

"நான் எங்க சார் நம்புறேன்? சாத்தலன்னா பிள்ளைங்க கதையக் கேக்காதுங்க. வெளியவே பாத்துக்கிட்டு இருக்குங்க."

"எதைப் பாக்கும்?"

"மாமா வாராரான்னுதான்."

மாமா என்றால் பிச்சைமுத்து. பள்ளி வேன் ஓட்டுகிறவர். தாமானிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வந்து, மத்தியானம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் வேன் மாமா. தினேஸ்வரிக்கு மட்டும் ரத்த மாமா, அம்மாவின் கூடப்பிறந்தவர். அப்பா இல்லை. அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. சோறு போடுவது, சடை பின்னுவது, காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் மாமாதான். முன்பு செம்பனைக் குலை வெட்டியவர். அரிவாள் பட்டு வலது கைப் பெருவிரலில் நகம் போய்விட்டது. அந்த மொட்டை விரலைப் பிடித்துக்கொண்டுதான் தினேஸ்வரி தினமும் வேனிலிருந்து குதிப்பாள்.

செவ்வாய்க்கிழமை முதல் பாடமே கோலினுடையது. பெரிய படப்புத்தகம் ஒன்றை அவன் கழகத்து நூலகத்திலிருந்து கொண்டுவந்திருந்தான். புலிமாமன் கதை. அட்டையில் ஒரு வீட்டுக் கதவு. கதவிடுக்கில் ஒரு மஞ்சள் கண். வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல ஜன்னலுக்கு ஓடினார்கள்.

"உக்காருங்க. இன்னிக்கு ஒண்ணையும் சாத்தப் போறதில்ல," என்றான் கோலின். "கதைக்கு வெளிச்சம் வேணும். மூளைக்கும் வெளிச்சம் வேணும்." சாத்தியிருந்த ஒரு ஜன்னலையும் அவனே போய் அகலத் திறந்தான். செம்பனை நெரைகள் வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தன.

கதை தொடங்கியது. காட்டோரத்து வீடு. அம்மா சந்தைக்குப் போகிறாள். "மாமன் பலாப்பழம் கொண்டாருவான். அவனுக்கு மட்டும் கதவைத் தொறங்க" என்று பிள்ளைகளிடம் சொல்கிறாள். புதருக்குள் படுத்திருந்த புலி அதைக் கேட்கிறது. மாமன் வருகிற ஒத்தையடிப் பாதையைப் புலி தன் வாலால் கூட்டிப் பெருக்கி அழித்துவிடுகிறது.

ஒரு பிள்ளையும் உம் கொட்டவில்லை.

"என்ன, உங்க டீச்சருக்கு மட்டுந்தான் உம்மா? எனக்குக் கிடையாதா?"

"வெளிய கேட்டுரும் சார்," என்றாள் தினேஸ்வரி.

"யாருக்குக் கேக்கும்?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"நல்லாக் கேக்கட்டும். சத்தமா, எல்லாரும்!"

வாத்தியார் சொல்லைத் தட்டக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள். "உம்!" என்றன. அந்தச் சத்தம் ஜன்னல் வழியாகப் போய், நெரைக்குள் நுழைந்து, எங்கேயோ முட்டி, கொஞ்சம் கனத்துத் திரும்பி வந்தது. எதிரொலி பற்றி அறிவியல் பாடத்தில் சொல்லவேண்டும் என்று கோலின் மனத்துக்குள் குறித்துக்கொண்டான்.

புலி வீட்டு வாசலுக்கு வந்தது. கதவைத் தட்டியது. "மாமா வந்திருக்கேன், கதவைத் தொற" என்றது. கடைக்குட்டிப் பெண் கெட்டிக்காரி. "மாமான்னா ஜன்னல் வழியா கையக் காட்டு" என்றாள்.

கோலின் புத்தகத்தை மூடினான்.

"அடுத்த பக்கத்துல என்ன இருக்கும்? யோசிச்சிட்டு வாங்க. நாளைக்குச் சொல்லலாம்." பக்கத்தைத் திருப்புமுன் நிறுத்தி மாணவரைக் கணிக்கச் செய்தல் என்பது அவனுடைய பாடத்திட்டத்தின் மணிமகுடம். விரிவுரைஞர் அதற்கென்றே தனி மதிப்பெண் வைத்திருந்தார்.

தினேஸ்வரி எழுந்து நின்றாள். "சார், பாதியில நிப்பாட்டக்கூடாது சார்."

"நிப்பாட்டினா?"

"புலி அங்கயே நிக்கும்."

"நிக்கட்டும்மா. கால் வலிச்சா உக்காந்துக்கும்," என்றான் கோலின். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காத வகுப்பை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை.

மத்தியானம் பள்ளி விட்டது. மற்ற வகுப்புப் பிள்ளைகள் அப்பாமார் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். வேன் பிள்ளைகள் வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். வேன் வரவில்லை. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். கலாதேவி டீச்சர் பிச்சைமுத்துவுக்குப் போன் போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். மணி போகவேயில்லை.

"இத்தன வருசத்துல பிச்சைமுத்தண்ணே லேட்டா வந்ததே கிடையாது லா," என்று சாவியை எடுத்தார். "நீங்க பிள்ளைங்களப் பாருங்க. நான் காடிய எடுத்துக்கிட்டு ரோட்டுப் பக்கம் போய்ப் பாத்துட்டு வாரேன். டயர் கியர் போயிருக்கும்."

கார்ச் சத்தம் தேய்ந்து நின்றபின் அங்கே வேறு சத்தமே இல்லை. காற்றில்லை, குருவியில்லை. கூரைமேல் ஒரு கொட்டை விழுந்தது. பிள்ளைகள் தாமாகவே வகுப்புக்குள் போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். பையை யாரும் கழற்றவில்லை. கோலின் நகைச்சுவையாக இரண்டு சொல்லிப் பார்த்தான். மைலோ கலக்கித் தரட்டுமா என்று கேட்டான். எல்லாக் கண்ணும் ஜன்னலில் இருந்தது.

தினேஸ்வரி மட்டும் ஜன்னலைப் பார்க்கவில்லை. மூடிய புலிமாமன் புத்தகத்தின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தாள், திறந்துகொள்ளாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவள் போல.

"எனக்கு மாமா ஒருத்தருதான் சார் இருக்காரு," என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தகவல் சொல்கிற குரல்.

கோலின் எழுந்து வெளியே போனான். வேனை முதலில் பார்க்கிறவன் தானாக இருக்கட்டும் என்று வாசல் தாண்டிச் செம்மண் ரோட்டில் நடந்தான். இரண்டு பக்கமும் செம்பனை. ஒவ்வொரு நெரையும் மற்ற நெரையைப் போலவே இருந்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே மாதிரி இருட்டு. வெயில் மண்ணுக்கு வந்து சேராமல் மட்டைகளிலேயே தங்கிவிட்டது.

"பிச்சைமுத்தண்ணே!" என்று கூப்பிட்டான்.

இடது பக்கத்து நெரைக்குள் யாரோ "உம்" என்றார்கள்.

கோலின் நின்றான். எதிரொலி என்றால் 'அண்ணே' என்றல்லவா திரும்ப வரவேண்டும். அறிவியல் பாடத்தில் இதற்கும் ஒரு விளக்கம் இருக்கும். அதை யோசிக்க வகுப்பறை வசதியான இடம் என்று அவனுக்குத் தோன்றியது. திரும்பி நடந்தான். ஓடவில்லை, ஓடினால் தெரிந்துவிடும் என்பதால் வேகமாக நடந்தான். யாருக்குத் தெரிந்துவிடும் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

வகுப்புக்குள் வந்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு. கண்ணு கூசுது," என்றான் பொதுவாக. "ஜன்னலச் சாத்துவோம்."

அவன் சொல்லி முடிக்கவில்லை, பிள்ளைகள் பறந்தார்கள். பலகைகள் படபடவென்று விழுந்தன. தாழ்கள் ஏறின. கதவைத் தினேஸ்வரியே தள்ளிச் சாத்தினாள். கடைசி ஜன்னலுக்கு ஒரு பயல் போனபோது கோலின் கையமர்த்தினான். "அது கொஞ்சம் தொறந்தே இருக்கட்டும். காத்து வேணும்ல." காற்று எங்கும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மனுசனுக்கு ஒரு கொள்கை வேண்டாமா? ஒரு சாண் இடுக்கு விட்டு அந்த ஜன்னல் நின்றது. ஒரு கோடு வெளிச்சம் தரையில் விழுந்தது.

கைப்பேசி விளக்கைக் குப்புற வைத்தான். புத்தகத்தைத் தினேஸ்வரியின் கைக்கு அடியிலிருந்து மெல்ல இழுத்தான். சாயங்காலம் இதைக் குழுவில் எழுத முடியாது என்று ஒரு நினைப்பு வந்து போனது.

"எங்க விட்டோம்?"

"கையக் காட்டுன்னா சார்."

"அதுக்கு முந்தி இருந்தே வரலாம்," என்றான். உடனே அந்தப் பக்கத்துக்குப் போக அவனுக்கு மனம் வரவில்லை. "மாமன் பாதையப் புலி வாலால கூட்டி அழிச்சிருச்சு."

"உம்."

"மாமன் காட்டுக்குள்ள நிக்கிறான். முன்ன போனாலும் அதே மரம். பின்ன வந்தாலும் அதே மரம்."

"உம்."

"புலி வாசலுக்கு வந்துருச்சு."

"உம்," என்றன பிள்ளைகள். அவர்கள் வாயை மூடியபின், சுவருக்கு வெளியே, ஆள் உயரத்தில், கனத்த குரல் ஒன்று "உம்" என்றது.

விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகளின் முகங்கள் அப்படியே இருந்தன. திடுக்கிட்டது கோலின் மட்டும்தான். இவர்களுக்கு இது பழக்கம்போலும் என்று நினைத்தான். அந்த நினைப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. நிறுத்தினால் புலி நிற்கும். ஆகையால் நிறுத்தாமல் படித்தான்.

"புலி கதவைத் தட்டிச்சு."

யாரும் உம் கொட்டுமுன்னே கதவு தட்டப்பட்டது.

கொட்டை விழுகிற சத்தம் இல்லை. விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். வேன் வந்த சத்தமும் கேட்டிருக்கவில்லை.

"தினேசு," என்றது வெளியே ஒரு குரல், வறண்டுபோய். "மாமா வந்திருக்கேன்ம்மா. கதவைத் தொற."

தினேஸ்வரி பெஞ்சை விட்டு இறங்கினாள், இறங்கிய இடத்திலேயே நின்றாள். எல்லாப் பிள்ளைகளும் கோலினைத் திரும்பிப் பார்த்தார்கள். சார்தானே பெரியவர்.

கோலின் கதவு வரைக்கும் போனான். தாழ்மேல் கை வைத்தான். பேராக் மாநிலத்துப் பேய்களை மாவட்டம் மாவட்டமாக ஒழிக்கவிருந்தவன், தொண்டையைச் செருமிக்கொண்டு, கதவுப் பலகைக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்:

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. ஜன்னல் வழியா கையக் கொஞ்சம் காட்டுங்க."

வெளியே சருகு மிதிபட்டது. தரையில் கிடந்த வெளிச்சக்கோடு மறைந்தது. ஜன்னல் இடுக்கில் ஒரு கை நுழைந்தது. முழங்கை வரை சேறு. முள் கிழித்த கோடுகள். தினேஸ்வரி போய் அந்தக் கையை முகர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு விரலாகத் தடவினாள். பெருவிரலுக்கு வந்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மாமாதான் சார்," என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் அழுதாள்.

பிச்சைமுத்து உள்ளே வந்து கீழே உட்கார்ந்தார். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. தண்ணீர்ப் போத்தலை வாங்கி மடமடவென்று குடித்தார்.

"காலையில பிள்ளைங்கள எறக்கிவிட்டுட்டு நேரா வீட்டுக்குப் போயிருக்கணும். சிமெண்டுப் பாலத்தத் தாண்டினேன் சார். மறுபடியும் சிமெண்டுப் பாலம். அதத் தாண்டினா மறுபடியும் அதே பாலம். பெட்ரோல் முடிஞ்சு வேன் நின்னுருச்சு. எறங்கி நடந்தேன். பொறந்ததுலேருந்து நடக்கிற தோட்டம் சார் இது, ஒரு நெரையும் பிடிபடல. எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளைங்க உம் கொட்டுற சத்தம். அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் கேக்குது."

கோலின் தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர் காடி என்னத் தாண்டித்தான் போச்சு. ரெண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். திரும்பிக்கூடப் பாக்கல." அவர் வாயைத் துடைத்தார். "இப்பக் கொஞ்சத்துக்கு முந்திதான், எல்லாச் சத்தமும் நின்னுச்சு. ஒரே ஒரு பக்கத்துலேருந்து மட்டும் கேட்டுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டே வந்துட்டேன்."

"நல்ல வேளை அண்ணே," என்றான் கோலின். தன் குரல் கொஞ்சம் தெளிந்திருப்பதாக அவனுக்குப் பட்டது. "வந்த உடனே வெளிய நின்னு நீங்களும் ஒரு உம் கொட்டுனீங்க பாருங்க, அதுலதான் நான் கொஞ்சம் ஆடிப்போயிட்டேன்."

பிச்சைமுத்து அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எங்க சார் கொட்டுனேன்? தட்டத்தான் செஞ்சேன்."

கூரைமேல் ஒரு கொட்டை விழுந்து உருண்டு, விளிம்புக்கு வந்து, மண்ணில் விழுந்தது.

"கதைய முடிச்சிட்டீங்களா?" என்று பிச்சைமுத்து மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

பிச்சைமுத்து எழுந்து, தாம் வந்த கதவைத் தாமே சாத்தித் தாழ் போட்டுவிட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாகச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். தினேஸ்வரி மொட்டை விரலை விடாமல் அவர் மடியில் சாய்ந்துகொண்டாள். கோலின் பக்கத்தைத் திருப்பினான். படத்தில் ஜன்னலும், ஜன்னல் வழியே நீட்டிய கோடு போட்ட கையும்.

"கடைக்குட்டி கையத் தொட்டுப் பாத்தா. மயிரு மயிரா இருந்துச்சு. 'இது எங்க மாமன் கை இல்ல'ன்னு சொல்லி, கொதிக்கிற கஞ்சிய எடுத்து ஊத்துனா."

"உம்," என்றன பிள்ளைகள். "உம்," என்றார் பிச்சைமுத்து.

"புலி கத்திக்கிட்டே காட்டுக்குள்ள ஓடிப்போச்சு. ஓடின ஓட்டத்துல அது கால் பட்ட எடமெல்லாம் பாதையாச்சு. அந்தப் பாதையிலதான் மாமன் பலாப்பழத்தோட வீடு வந்து சேர்ந்தான்."

"உம்," என்றன பிள்ளைகள். "உம்," என்றார் பிச்சைமுத்து.

ஒரு சாண் இடுக்குக்கு வெளியே, கொஞ்சம் தாமதித்து, இன்னொரு "உம்" கேட்டது.

கோலின் புத்தகத்தைக் கீழே வைத்தான். யாரையும் பார்க்காமல் எழுந்து போனான். வெளியே பார்க்கவும் இல்லை. அந்தக் கடைசி ஜன்னலை, சத்தம் வராமல், மெல்ல இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளை மேலே ஏற்றினான்.